கத்தியைத் தடுக்கும் சபை: உள்ளாட்சியில் நம் வாலிபர்களின் இடம்

 

 

பள்ளிக்கூடப் பைக்குள் அரிவாள் இருந்தது என்ற செய்தியை இப்போதெல்லாம் அடிக்கடி படிக்கிறோம். படித்துவிட்டு, "காலம் கெட்டுவிட்டது" என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறோம். அந்தக் கத்தி பைக்குள் போவதற்கு முன்னால் என்னென்ன நடந்தது, யார் யாரிடம் முறையிட்டார்கள், அந்த முறையீடு என்ன ஆனது என்று நாம் கேட்பதில்லை. இன்றைய பாடத்தில் அதைக் கேட்போம். பேரூராட்சி, ஊராட்சி என்று நாம் சொல்லும் உள்ளாட்சி சபைகளில் நம் வாலிபர்கள் போய் உட்காருவதற்கும், கத்தியைத் தடுப்பதற்கும் என்ன தொடர்பு என்பதையும் பார்ப்போம்.

நாங்குநேரி சொல்லும் பாடம்

2023 ஆகஸ்ட் 9 இரவு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சமூக மாணவர் ஒருவரின் வீட்டுக்குள் அரிவாளோடு சிலர் புகுந்தார்கள். வந்தவர்கள் எங்கிருந்தோ வந்த ரவுடிகள் அல்ல, அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அவரைச் சரமாரியாக வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

இதற்கு முன் நடந்ததுதான் நமக்கு முக்கியம். சாதியின் பெயரால் அந்த மாணவரைத் தொடர்ந்து தொல்லை செய்திருக்கிறார்கள். அது தாங்காமல் அவர் சில நாட்கள் பள்ளிக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. புகார் சொல்லப்பட்டது. அதன் பிறகுதான் அரிவாள் வீடு தேடி வந்தது.

சகோதரர்களே! "பிள்ளைகள் வாய் திறந்து சொல்வதில்லை" என்று நாம் குறைப்படுகிறோம். இங்கே பிள்ளை சொன்னான். ஆனால் சொன்ன பிறகு தனியாக நின்றான். அவன் முறையீட்டுக்குப் பின்னால் ஊர் நிற்கவில்லை, சபை நிற்கவில்லை. தனியாக நிற்பவனின் புகார், அநீதி செய்பவனை அடக்குவதில்லை. அவனுடைய கோபத்தைத்தான் கிளறிவிடுகிறது.

அந்த மாணவர் பிழைத்தார். கையில் பட்ட வெட்டுகளால் தானே எழுத முடியாமல், இன்னொருவர் உதவியோடு தேர்வு எழுதி, 2024இல் பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். கத்தியால் அவருடைய படிப்பை நிறுத்த முடியவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் வெட்டியவர்களும் பிள்ளைகள்தானே? அவர்களுடைய படிப்பு என்ன ஆனது, அவர்களுடைய தாய்மார்களின் தூக்கம் என்ன ஆனது என்பதையும் யோசிக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் காயம். தகராறின் தொடக்கம் ஒரு பென்சில் என்று செய்திகள் கூறின. 2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில், "ரூட்டு தல" போட்டியில், கல்லூரி மாணவர்கள் பட்டாக்கத்திகளோடு பேருந்தில் வந்த சக மாணவர்களை விரட்டி வெட்டியதை நாடே பார்த்தது. தருமபுரிக்கும் அரூருக்கும் தினமும் பேருந்தேறிப் படிக்கப் போகும் கடத்தூர்ப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இவை வெறும் தென்மாவட்டச் செய்தியோ சென்னைச் செய்தியோ அல்ல.

கூர்மையான பொருளுக்கு மார்க்கம் காட்டும் ஒழுங்கு

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்து அரபு மண்ணில் வாளும் அம்பும் சாதாரணப் பொருட்கள். நம் ஊரில் அரிவாளும் மண்வெட்டியும் போல. அவற்றை வைத்திருப்பதை நபியவர்கள் தடை செய்யவில்லை. ஆனால் கடைத்தெருவிலோ பள்ளிவாசலிலோ அம்போடு நடப்பவர் அதன் முனையைக் கையால் மூடிப் பிடித்துக்கொள்ள வேண்டும், யார் மீதும் பட்டுவிடக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். இந்தக் கருத்து புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. உறையிலிருந்து உருவிய நிலையில் வாளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்குவதையும் தடுத்தார்கள். இது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது. விளையாட்டுக்காகக்கூட ஒரு சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது என்றும், ஷைத்தான் கையை இழுத்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார்கள்.

இந்த மூன்றிலும் ஒரு பொதுத் தன்மை இருக்கிறது. மூன்றுமே கொலைகாரனுக்குச் சொன்னவை அல்ல. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் தெருவில் நடப்பவனுக்குச் சொன்னவை. எண்ணம் கெட்ட பிறகு தடுப்பது கடினம், கெடுவதற்கு முன்பே ஒழுங்கு செய்ய வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

இன்று சில வாலிபர்கள் பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி, அதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்புகிறார்கள். "சும்மா, ஒரு ஜாலிக்கு" என்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தது இந்த "சும்மா"வைத்தான்.

இன்னும் சில பிள்ளைகள், "யாரையும் குத்துவதற்காக அல்ல, என் பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன்" என்கிறார்கள். அந்தப் பிள்ளையும் ஒருவகையில் தனியாக நிற்பவன்தான். தன்னைக் காப்பாற்ற ஊரில் யாரும் இல்லை என்று அவன் நம்புகிறான், அதனால் இரும்பை நம்புகிறான். ஆனால் தள்ளுமுள்ளோடு முடிய வேண்டிய சண்டை, பையில் கத்தி இருப்பதாலேயே கொலையில் முடிகிறது.

சட்டத்தையும் வாலிபர்கள் தெரிந்துகொள்ளட்டும். வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகள் தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய கத்திகளை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. தோட்டத்தில் இருக்கும்வரை அரிவாள் கருவி, பேருந்தில் சட்டைக்குள் வந்தால் ஆயுதம். "எனக்கு இன்னும் 18 ஆகவில்லை" என்பதும் எப்போதும் காப்பாற்றாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது நிறைந்தவர் கொடிய குற்றத்தில் ஈடுபட்டால், முதற்கட்ட ஆய்வுக்குப் பிறகு அவரைப் பெரியவரைப் போலவே விசாரிக்க முடியும்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை மாநிலம் முழுவதும் ஆயுத வேட்டை நடத்தியது. கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைக்காரர்களும் விற்பவர்களும், வாங்குபவரின் பெயர், முகவரி, காரணம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டறையில் எழுதும் பதிவேடு இரும்பைத்தான் கணக்கெடுக்கும். பிள்ளையின் மனத்தில் இருக்கும் அச்சத்தையும் பகையையும் கணக்கெடுப்பது யார்?

இருபது வயதில் ஒரு சபை

நபித்துவத்துக்கு முன்பு மக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி. யமன் நாட்டு வணிகர் ஒருவர் சரக்கோடு வந்தார். மக்காவின் பெரும்புள்ளிகளில் ஒருவரான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு காசு தர மறுத்துவிட்டார். வணிகர் ஒவ்வொருவரிடமும் போய் முறையிட்டார். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் அபூகுபைஸ் மலை மீது ஏறி நின்று, தனக்கு நடந்த அநீதியை ஊரே கேட்க உரக்கச் சொன்னார்.

அதைக் கேட்டுச் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடினார்கள். மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும், உள்ளூர்க்காரரோ வெளியூர்க்காரரோ, அவருக்கு உரிமை திரும்பக் கிடைக்கும்வரை எல்லோரும் ஒரே கையாக நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். பிறகு ஒன்றாகப் போய் வணிகரின் பொருளை வாங்கிக் கொடுத்தார்கள். இதுதான் ஹில்புல் ஃபுளூல். அந்தச் சபையில் அமர்ந்திருந்தபோது முஹம்மது (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ இருபது வயது. நபியான பிறகும் அந்த உடன்படிக்கையைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். இஸ்லாத்தில் இருக்கும்போதும் அப்படி ஒன்றுக்கு அழைத்தால் போவேன் என்ற கருத்தில் சொன்னார்கள்.

கவனியுங்கள். வணிகர் தனியாக முறையிட்டபோது அது வெறும் புலம்பலாக இருந்தது. ஒரு சபை அதைத் தன் முறையீடாக எடுத்துக்கொண்டபோது, வலிமையானவரும் பணிய வேண்டியதாயிற்று. வாள் உருவப்படவில்லை. இரத்தம் சிந்தவில்லை. பழிவாங்கல் தொடரவில்லை. நாங்குநேரியில் இல்லாமல் போனது இதுதான்.

அந்தச் சபை இன்று எங்கே இருக்கிறது?

நாம் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை. சட்டமே இடம் வைத்திருக்கிறது. நாம்தான் போய் உட்காருவதில்லை.

முதலாவது, கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூட வேண்டும் என்று 2022இல் அரசு அறிவித்தது. கடத்தூர் ஒன்றியத்து ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். 2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அப்படிப்பட்ட காலத்தில் மக்கள் நேரில் போய்ப் பேசுவது இன்னும் அவசியமாகிறது.

இரண்டாவது, பேரூராட்சி. கடத்தூர் ஊருக்குள் இருப்பவர்களுக்கு வார்டு உறுப்பினர் இருக்கிறார். கிராம சபை போலவே நகர்ப்புறத்திலும் மக்கள் கூடிப் பேச, பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 முதல் நடக்கத் தொடங்கின. எரியாத தெருவிளக்கு, இருட்டான பேருந்து நிழற்குடை, பிள்ளைகள் விளையாட இடமில்லாதது, மாலையில் குடிப்பவர்கள் கூடும் மைதானம் ஆகியவை எல்லாம் அங்கே பேச வேண்டியவை. எந்த இடத்தில் சண்டை கிளம்புகிறது என்பது கூட்டத்துக்கு வரும் பெரியவர்களைவிட அந்த இடத்தில் நிற்கும் பையனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தந்த அமைப்பு இது. பெற்றோரே அதில் பெரும்பான்மை. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. 2024இல் தமிழ்நாட்டில் இக்குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயது வாலிபர் தான் படித்த பள்ளிக்குத் திரும்பிப் போய், தம்பிமார்களின் சண்டையைத் தீர்த்து வைக்க இதைவிட நல்ல வாசல் எது?

நான்காவது, கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. ஊராட்சித் தலைவர் தலைமையில் அமைய வேண்டிய இக்குழுவில் குழந்தைகளின் சார்பாகக் குழந்தைகளே இருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. வாக்குரிமை வராத பிள்ளைக்கும் உள்ளாட்சியில் ஒரு நாற்காலி இருக்கிறது என்று இதற்குப் பொருள். நம் ஊராட்சியில் அந்த இருவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிகளில் மாணவர் நல அலுவலர், சமூகநீதி மாணவர் படை போன்ற பரிந்துரைகளோடு, தொடக்கக் கல்வியை ஊராட்சி ஒன்றியங்களின் முழுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னது. அறிக்கையின் எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்கவில்லை, விவாதம் இருக்கிறது. ஆனால் வகுப்பறை வன்முறையை விசாரிக்கப் போனவர் உள்ளாட்சியின் வாசலுக்கு வந்து சேர்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

"சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்?"

சபைக்கு வரும் வாலிபர்களை முதலில் தடுப்பது இந்தக் கேள்விதான். உமர் (ரலி) அவர்கள் பத்ருப் போரில் கலந்துகொண்ட மூத்தவர்களின் அவையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் உட்கார வைத்தார்கள். "எங்களுக்கும் இவர் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே" என்ற பொருளில் சிலர் முணுமுணுத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் 110ஆவது அத்தியாயமான அந்நஸ்ரின் கருத்தை அவையில் கேட்டார்கள். மூத்தவர்கள் சொல்லாத ஆழமான பொருளை இளைஞர் சொன்னார். மக்கா வெற்றிக்குப் பிறகு அந்த நகரத்தின் நிர்வாகத்தையே நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்த அத்தாப் இப்னு அஸீத் (ரலி) அவர்களுக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருந்தது.

இன்றும் நம் சட்டப்படி 18 வயதில் வாக்களிக்கலாம், 21 வயதில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம். நமக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், கே.என்.தொட்டி ஊராட்சிக்கு 2020 ஜனவரியில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022 மார்ச்சில் சென்னை மாநகராட்சியின் மேயராகப் பொறுப்பேற்றபோது பிரியா அவர்களுக்கு 28 வயது.

வெளிநாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் கத்திக்குத்து பெரும் கவலையாக இருந்த 2018இல், 11 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் "உங்களுக்கு எது முக்கியப் பிரச்சினை" என்று இளைஞர் நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்தியது. பதினோரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். கத்திக் குற்றத்தை ஒழிப்பதே முதலிடம் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரில் பிள்ளைகளே நாடாளுமன்ற மன்றத்தில் அமர்ந்து அதை விவாதித்தார்கள். கத்தியைப் பற்றிப் பிள்ளைகளும் கவலைப்பட்டார்கள் என்று அந்த வாக்குகள் காட்டின.

அதே நாட்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2005இல் காவல்துறை வன்முறைத் தடுப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. வன்முறையைத் தொற்றுநோய் போலப் பார்த்தார்கள். நோயாளியைத் தண்டிப்பதோடு நிற்காமல், நோய் பரவும் வழியை அடைப்பது அவர்கள் முறை. பள்ளி, மருத்துவமனை, சமூகநலத் துறை எல்லோரும் சேர்ந்து வேலை செய்தார்கள். திருந்தி வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்தில் கொலைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் கைது மட்டுமே வழி என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பாடமானது.

"நம் பிள்ளைகள் அப்படி இல்லையே"

இப்படிச் சொல்லி ஒதுங்குபவர்களுக்குக் கப்பல் உவமை போதும். ஒரே கப்பலில் மேல்தளத்தில் சிலர், கீழ்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே வந்து போவது தொல்லை என்று நினைத்து, தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட முனைகிறார்கள். மேலே இருப்பவர்கள் விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள், கையைப் பிடித்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகப் புகாரியில் இருக்கிறது.

அந்த உவமையில் இன்னொன்றும் உண்டு. கீழே இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது தண்ணீர். அந்தத் தேவையை மேலே இருந்தவர்கள் காதில் வாங்கியிருந்தால் கோடாலியே வந்திருக்காது.

அநீதி செய்பவனுக்கும் உதவ வேண்டும், அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்றும் நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். கத்தி வைத்திருக்கும் நண்பனைக் காட்டிக்கொடுத்தால் துரோகம் என்று வாலிபர்கள் நினைக்கிறார்கள். இல்லை. அவன் சிறைக்குப் போகாமலும் இன்னொரு தாயின் பிள்ளை கபுறுக்கோ சுடுகாட்டுக்கோ போகாமலும் காப்பதுதான் நட்பு.

நாம் செய்ய வேண்டியவை

1. அடுத்த கிராம சபைக்கு அல்லது பகுதி சபைக்கு ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு வாலிபர்களாவது போக வேண்டும். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் கலந்து போக வேண்டும். தனித்தனியாகப் போனால் அது இன்னொரு அணியாகிவிடும்.

2. கேட்பதை எழுதிக் கொடுங்கள். மைதானம், விளக்கு, நூலகம் என்று ஒரு கூட்டத்துக்கு ஒன்று போதும். அடுத்த கூட்டத்தில் "அது என்ன ஆனது?" என்று கேளுங்கள்.

3. பள்ளியில் ஒரு பிள்ளை புகார் சொன்னால், அந்தப் பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழு அன்றே இரு தரப்புப் பெற்றோரையும் அழைக்கட்டும். புகார் சொன்னவன் பெயர் ஊர்ப் பேச்சாகாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

4. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

5. பெற்றோர் மகனின் பையைச் சோதிப்பதற்கு முன் அவன் அச்சத்தைக் கேளுங்கள். "யாராவது உன்னை மிரட்டுகிறார்களா?" என்று கேட்கும் தகப்பனின் மகனுக்குக் கத்தி தேவைப்படாது.

6. ஜமாஅத் நிர்வாகக் கூட்டங்களிலும் வாலிபர்களுக்கு இடம் கொடுங்கள். மஹல்லாவில் பேசப் பழகாதவன் பேரூராட்சியில் எப்படிப் பேசுவான்?

ஆதமின் இரு மகன்களின் சரித்திரத்தை அல்லாஹ் ஐந்தாவது அத்தியாயத்தில் 27ஆம் வசனம் முதல் சொல்லிக் காட்டுகிறான். ஒருவன் கை ஓங்கினான், மற்றவர் ஓங்க மறுத்தார். கொன்றவன் கடைசியில் சகோதரனின் உடலை என்ன செய்வதென்று தெரியாமல் கைசேதப்பட்டு நின்றான். அந்தக் கைசேதம் நம் ஊர்ப் பிள்ளைகள் எவருக்கும் வர வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கைகளை இரத்தத்திலிருந்து பாதுகாப்பாயாக. அநீதிக்கு ஆளானவரோடு சேர்ந்து நிற்கும் துணிவை எங்கள் வாலிபர்களுக்குத் தருவாயாக. அவர்களின் பேச்சைக் கேட்கும் பொறுமையைப் பெரியவர்களான எங்களுக்குத் தருவாயாக. எங்கள் ஊரையும், இந்த ஊரில் வாழும் எல்லா மக்களையும் அமைதியில் வைப்பாயாக. ஆமீன்.